நடு ஸ்பீக்கர்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
இருபது வருஷமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறேன்.
என் பென்சில் மெய்யை மட்டும் பிடிக்கும்,
உயிரை விட்டுவிடும்.
சாட்சி பேசுகிற வேகத்துக்கு
அதற்கு மேல் கை நீளாது.
சாயங்காலம் டைப் அடிக்கும்போது
ஒவ்வொன்றுக்காக உயிர் கொடுப்பேன்.

கலியபெருமாளுக்கு நேர் எதிர்.
சிப்காட்டில், கம்ப்ரஸர் ரூமில், பத்தொன்பது வருஷம்.
காதுக்குப் பஞ்சு, நினைவிருந்த நாட்களில்.
இப்போது ஆ வருகிறது, ஈ வருகிறது, ஊ வருகிறது;
கசடதபற வரவில்லை.
டாக்டர் போட்டுக் கொடுத்த கோடு
பாதிவரை தரைபோல நடந்து
வலப்பக்கம் வந்ததும்
கெடிலத்தில் இறங்கும் ஆட்டுத்தடம் மாதிரி சரிந்தது.
"உயிர் இருக்கு, மெய்தான் போயிடுச்சு" என்றார்
திரும்பி வரும் பஸ்ஸில், எல்லாரும் கேட்க.

வில்லன் "கொல்லுவேன்" என்பான்.
"சொல்லட்டுமே, அதுக்கு எதுக்கு அந்தப் பொண்ணு அழுவுது?"
நான் விளக்குவதற்குள் அடுத்த காட்சி.
ரிமோட்டில் எண் ஏறும்.
ஏறுவது பேச்சு இல்லை:
லாரி, இடி, வயலின், நகைக்கடை விளம்பரம்.
கீழ்வீட்டு ஷமீம் பானு
ஒட்டடைக் கம்பால் கூரையை இடிப்பாள்.
அது மட்டும் அவருக்குத் துல்லியமாகக் கேட்கும்.

புதுச்சேரிக் கடையில் ஒரு நீளப் பெட்டியைக் காட்டினார்கள்.
நாற்பதாயிரம். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஒரு ஞாயிறு, கரண்ட் போன மத்தியானம்,
அறை நடுவில் நின்று சும்மா கை தட்டினேன்.
தட்டியது ஒன்று, திரும்பியது ஏழெட்டு,
தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி.
வழுவழு டைல்ஸ், வெறுஞ்சுவர், திரையில்லாத கண்ணாடி ஜன்னல்.
ஒரு சாட்சி வாயைத் திறந்தால்
கூண்டில் ஒன்பது பேர் கூடவே பேசுகிறார்கள்.
இதில் யாரை எழுதிக்கொள்வது?

கோர்ட்டில் கழித்துப் போட்ட தீர்ப்புத் தொகுதிகள்
நூற்றுப் பதினாறு, எடைக்கு வாங்கி வைத்திருந்தேன்.
பக்கச்சுவரில் அடுக்கினோம், ஒன்று உள்ளே ஒன்று வெளியே.
கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம் தரைக்கு.
ஜன்னலுக்குக் கனத்த துணி.
நடு ஸ்பீக்கர்
டிவி மேஜைக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து
இத்தனை நாளும் எங்கள் முழங்கால்களோடு
பேசிக்கொண்டிருந்திருக்கிறது.
விளிம்புக்கு இழுத்து
மூக்கை நிமிர்த்தி
அடியில் இரண்டு அழிரப்பர் கொடுத்தேன்.
செட்டிங்கில் நடுவுக்கு நாலு கூட்டி
பேஸில் ஆறு குறைத்து
ஃபேனை இரண்டில் வைத்து,

"இப்ப?"
"ம்ஹூம்."
சோபாவை ஒரு முழம் முன்னே தள்ளி,
"இப்ப?"
பதில் இல்லை.
திரையில் யாரோ ஒருத்தி
சமையற்கட்டில் நின்று எதையோ தேடுகிறாள்.
"தட்டு" என்றார்.
இரண்டு ட்டையும் அழுத்தி, ருசி பார்ப்பதுபோல்.
"தட்டு எங்கன்னு கேக்குறா தவமணி, தட்டு!"

அப்புறம் மூன்று நாள்
பார்த்ததையே திரும்பப் பார்த்தார்.
"இவ்வளவுதான் பேசுனாங்களா?
நான் நெனச்சிருந்தது இதவிட நல்லா இருந்துச்சே."

நாலாம் நாள், பாதிப் படத்தில் டிவியை அணைத்தார்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
புதுத்திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
"மார்கழியில ஒரு ராத்திரி
இதே இடத்துல உக்காந்து, பனியா இருக்குன்னே.
ஜன்னலைச் சாத்திட்டுப் போர்வை கொண்டாந்து போத்துனேன்.
நீ ஒரு மாதிரி பாத்தே.
வேற ஏதாவது சொன்னியா?"

ப இல்லை.
என் பெயருக்கு முதலில் வருகிற எழுத்து அது.
பல்லில் நாக்கு படாமல் பிறக்காது.

ஆனால் அந்தப் போர்வை
அன்றைக்கு நிஜமாகவே கதகதப்பாக இருந்தது.
அதையும் பதிவுசெய்ய வேண்டும்.

விளக்கடிக்கு நகர்ந்து
வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.